குழாயடிச் சண்டை: ஒரு சொல்லின் கதை

சண்டைக்கு நம் வடசென்னையில் பெயர்ப் பஞ்சமே கிடையாது. லடாய், தகராறு, கலாட்டா, ரகளை என்று எத்தனையோ வைத்திருக்கிறோம். லடாய் இந்துஸ்தானியிலிருந்து வந்தது. தகராறு அரபு மூலம் கொண்டது. திரும்பத் திரும்பச் சொல்வது என்பதே அதன் முதற்பொருள். சொன்னதையே சொல்லித்தானே சண்டை வளர்கிறது! ஆனால் 'குழாயடிச் சண்டை' நம் தெருவிலேயே பிறந்த சொல். வகுப்பில் நாம் கூச்சல் போட்டால், "என்னப்பா இது, குழாயடிச் சண்டை மாதிரி?" என்று ஆசிரியர் அதட்டியது முன்னாள் மாணவர்களுக்கு நினைவிருக்கும்.

இச்சொல்லுக்கு வயது அதிகமில்லை. குழாய் வராமல் குழாயடி ஏது? காலடிப்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. காலெட் பேட்டைதான் நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. அன்று தண்ணீருக்குக் கிணறும் குளமும்தான். செங்குன்றம் ஏரி நீர் சென்னை நகருக்கு வந்தது 1872-இல். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இல். தெருக்குழாய்கள் பெருகப் பெருக, கிணற்றடிப் பேச்சும் குழாயடிக்கு இடம் மாறியது.

கிணற்றில் எந்நேரமும் இறைக்கலாம். குழாயிலோ அவர்கள் விடும்போதுதான் தண்ணீர். சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது. விடியுமுன் வரிசையாகக் குடங்கள் நிற்கும். குடம் இல்லாதவர் ஒரு கல்லையாவது வைத்து இடம் பிடிப்பார். "இன்னாமே, நடுவுல சொருவுற?" "என் கொடம் அப்பவே வச்சது!" கேட்பவருக்கு வேடிக்கை. ஆனால் தன் முறை வருமுன் தண்ணீர் நின்றுவிட்டால் அந்தத் தாயின் வீட்டில் அன்று அடுப்பு எரியாது.

இன்று சட்டசபை அமளியையும் தொலைக்காட்சி விவாதத்தையும்கூட 'குழாயடிச் சண்டை' என்கிறோம். அற்ப விஷயத்துக்குப் பெண்கள் போடும் கூச்சல் என்ற ஏளனம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் அற்ப விஷயமா? மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீர் மணலி ஆலைகளுக்குப் போயிற்று; அளவுக்கு மீறி உறிஞ்சியதால் அங்கே கடல்நீர் உள்ளே ஏறிற்று. 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. அப்படியும் 2019 வறட்சியில் நகரமே குடத்தோடு தெருவில் நின்றது.

இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு, பழியைக் குடம் ஏந்தியவள் தலையில் போடுகிறது அந்தச் சொல். நம்மில் எத்தனை பேர் அந்த ஒரு குடத் தண்ணீரில் குளித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர்கள்! தம்பி தங்கைகளே, அடுத்தமுறை இச்சொல்லைக் கேலியாகச் சொல்லுமுன், உங்களுக்காக வரிசையில் நின்ற அம்மாவை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.