சொல்வன்மையும் மெய்யுணர்வும்

சொல்லால் வெல்லுதல் வேறு. மெய்ப்பொருளை உணர்த்துதல் வேறு. இவ்விரண்டனையும் பகுத்தறியாத அவை எத்துணைத் தீங்குக்கு இடனாகும் என்பதற்கு யவன நாட்டு ஏதென்ஸ் நகர வரலாறு சான்றாகும்.

கி. மு. 5ஆம் நூற்றாண்டில் அந்நகரத்து வழக்குமன்றமும் பேரவையும் சொல்வல்லார் வயப்பட்டன. சோபிஸ்தர் எனப்பட்டோர் பொருள் பெற்று வாதத்திறம் கற்பித்தனர். கி. மு. 427இல் தூதராக வந்த கோர்கியாஸ் தம் பேச்சால் மக்களை வியப்பித்தார். இக்கல்வியால் நெறி கெடுமென ஊரார் பலர் பழித்தனர். கி. மு. 423இல் அரிஸ்டோபனிஸ் அரங்கேற்றிய 'மேகங்கள்' என்னும் நகைநாடகம், தீய வழக்கை நல்வழக்காக்கும் கல்வியை எள்ளியது. எள்ளியது தகும், ஆயின், அக்கல்விக்குத் தலைவராக அந்நாடகம் காட்டியது, கூலி பெறாது வினாவிடையால் மெய்யாராய்ந்த சாக்ரட்டீஸை! கி. மு. 399இல் அவர் கொலைத்தண்டம் எய்தினார். அந்நாடகம் பரப்பிய பழியையும் அவர் மன்றத்தில் எடுத்துரைத்ததாகப் பிளேட்டோ எழுதினார். மெய்யாராயும் வாதத்தையும் வெற்றி விழையும் வாதத்தையும் அரிஸ்டாட்டில் பகுத்துரைத்தது அதற்குப் பின்னரே.

நம் நாட்டில் இப்பகுப்பு நியாய சூத்திரத்திலேயே உளது. உண்மை காணும் வேட்கையால் நிகழ்வது வாதம். வெற்றியே கருதுவது சற்பம். தன் கோள் நிறுவாது பிறர் கோளை மறுத்தொழிவது விதண்டை.

இனி, நூலறிவின் செருக்கும் ஈண்டு அவையறியக் கடியப்பட்டது. வெள்ளிமலையைத் தன்னகத்தே கொண்ட கள்ளக்குறிச்சி நாட்டிற்குக் கிழக்கே, பெண்ணையாற்றின் தென்கரைப் பகுதியில் உள்ளது திருவெண்ணெய்நல்லூர். 13ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் இளம்பருவத்தினராகிய மெய்கண்டார் மாணவர்க்கு ஆணவமலத்தின் இயல்பு உரைத்திருந்தனர். ஆண்டுப் போந்த சகலாகம பண்டிதர், ஆணவத்தின் வடிவு யாதென வினவினர். மெய்கண்டார் வாய் திறவாது, அவரையே அடிமுதல் முடிவரை நோக்கினர். தம் நிலையே விடையென்று உணர்ந்த பண்டிதர் அடிபணிந்து, அருணந்தி சிவாசாரியராயினர் என்பது மரபு. வென்ற சொல் ஒன்றும் ஆண்டு நிகழ்ந்திலது.

அற்றேல், அருணந்தியார் பின்னர்ச் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்தில் உலகாயதம் முதற் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு மதங்களை மறுத்தது விதண்டையாகாதோ எனின், ஆகாது. ஒவ்வொரு மதத்தையும் அதனதன் கூற்றாக முன்னர் நிறுத்திப் பின்னரே மறுத்தனர்; அளவை இலக்கணமும் வகுத்தனர்; சுபக்கத்தில் தம் கோளையும் நிறுவிப் பிறர் ஆராய்ச்சிக்கு உட்படுத்தினர்.

ஏதென்ஸ் நகரத்தார் சொல்வன்மையை ஐயுற்றது பிழையன்று. ஐயுற்றவர் ஆராயாது விட்டதே பிழை. பரபக்கம் ஓதுவோரும் மறுப்பை மட்டும் பயின்று, பிறர் கூற்றை உள்ளவாறு உணரும் கடமையைக் கைவிடுவரேல், எய்துவது விதண்டையேயன்றிச் சித்தாந்தமன்று என்க.