யாழ்ப்பாணத்துச் சைவப் பள்ளிகளும் அவற்றின் பொருள்வருவாயும்

பள்ளிக்கூடம் ஒன்றை நாட்டுதல் அரிதன்று. மாதந்தோறும் ஆசிரியர்க்கு வேதனம் கொடுப்பவர் யாவர் என்பதே அரிய வினா. வேதனம் கொடுப்பவர் எவரோ, அவர் கை காலப்போக்கிற் பாடத்தின்மேலும், ஆசிரிய நியமனத்தின்மேலும், ஈற்றிற் கட்டடத்தின்மேலும் படியக் காண்கின்றோம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது 1848-ஆம் ஆண்டு. இலங்கை அரசினர் உதவிநன்கொடை பெற்ற பள்ளிகளைத் தம்வசமாக்கியது 1960-ஆம் ஆண்டு. இடைப்பட்ட நூற்றுப்பன்னிரண்டு ஆண்டுகளிற் சைவநன்மக்கள் தம் பள்ளிகளுக்குப் பொருள் தேடிய வகையையும், அப்பொருளோடு கூடி வந்த ஆட்சியையும் ஈண்டு ஆராய்வாம்.

பழைய திண்ணைப்பள்ளிக்கு இத்தொல்லை இருந்ததில்லை. சட்டம்பியார் ஒருவர், ஊரார் கொடுக்கும் நெல், விசேட தினங்களிற் காணிக்கை, இவ்வளவே அதன் நிதி. ஆட்சி என்று தனியே ஒன்றில்லை. சட்டம்பியார் சொல்லே சட்டம். அவர் மறைந்தாற் பள்ளியும் மறையும். ஊர்க்கணக்குக்கும் நிகண்டுக்கும் அது போதியதாயிருந்தது.

1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் வேறொரு வகையை வைத்தனர். போர்த்துக்கேயர் வகுத்த கோவிற்பற்றுத்தோறும் தேவாலயத்தோடு பள்ளியும் நடந்தது. பிள்ளைகள் வராவிடிற் பெற்றோர்க்குத் தண்டம். ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளித் தோம்பிற் பதியப்பட்டன. அத்தோம்பை எழுதியவர் பள்ளிச் சட்டம்பியே. ஆகவே பள்ளி என்பது அரசின் பதிவுச்சாலையும் மதத்தின் வாயிலும் ஆயிற்று. அரசின் பொருளினாலே நின்ற அப்பள்ளிகள் ஒல்லாந்தர் அரசு நீங்கவே தளர்ந்தொழிந்தன. அவற்றாற் கிறிஸ்தவரானோரிற் பலர் அச்சம் நீங்கியவுடன் திருநீறு தரித்துத் திருக்கோயிலை அடைந்தமை யாவரும் அறிந்ததே.

ஆங்கிலேயர் காலத்து மிஷன் பள்ளி இவ்விரண்டினும் வலியது. அமெரிக்க மிஷனார் 1816-இல் வந்தனர். 1823-இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச்சாலையையும், 1824-இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப்பள்ளியையும் தொடங்கினர். இவற்றுக்குப் பொருள் கடல்கடந்த நாட்டுத் தனியன்பர் கொடைகளால் வந்தது. விடுதிப்பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்து, பொருள் உதவிய அமெரிக்கரின் பெயரையே பிள்ளைகளுக்கு இட்டு வழங்கினர். தாய்தந்தையர் இட்ட நாமம் போய் நன்கொடையாளர் நாமம் வந்ததென்றால், பொருளுக்கும் ஆட்சிக்கும் உள்ள தொடர்பை விளக்க வேறு சான்று வேண்டுமோ? ஆயினும் அச்சாலையிற் கணிதமும் வானநூலும் தமிழும் செவ்வையாகக் கற்பிக்கப்பட்டன. பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் அங்கே கற்றவரே. நல்லது நடந்தவிடத்து அதனை மறைப்பது சைவர்க்கு அழகன்று. தலைமைச் சங்கத்தார் கொள்கை மாறவே, 1855-இல் அச்சாலை மூடப்பட்டது. தூரதேசத்துப் பொருளை நம்பிய பள்ளி தூரதேசத்துத் தீர்மானத்தாலேயே முடிந்தது.

நாவலரவர்கள் வெஸ்லியன் மிஷன் பள்ளியிற் கற்று அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவற்பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர். மிஷன் பள்ளி நடக்கும் முறையை அவர் உள்ளிருந்தே கண்டார். வகுப்புப் பிரிவு, அச்சிட்ட பாடநூல், படிமுறையான வாசகம் ஆகியவற்றை அவர் அங்கிருந்து கைக்கொண்டு, சமயத்தை மட்டும் மாற்றி வைத்தார் என்பது பொருந்தும். மாற்றவியலாதது பொருள்வருவாய். அமெரிக்கக் கொடையாளர் சைவத்துக்கு இல்லை. ஆதலின் அவர் அச்சியந்திரத்தை நாடினார். 1849-இற் சென்னபட்டணம் சென்று யந்திரம் வாங்கியதும், அப்பயணத்திலே திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் என்னும் பட்டம் பெற்றதும் இவ்வொரு முயற்சியின் இரு பயன்கள். அச்சுச்சாலை வித்தியாசாலைக்குப் பாலபாடம் முதலிய நூல்களைத் தந்தது. நூல் விற்ற பொருளும் அன்பர் நன்கொடையும் தருமத்தைத் தாங்கின. 1864-இற் சிதம்பரத்திலும் அதே பெயருடைய வித்தியாசாலையைத் தாபித்தார். 1872-இல் வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலையோ பொருள்முட்டால் சில ஆண்டுகளில் நின்றுவிட்டது. தமிழ்ப்பள்ளியைத் தியாகத்தால் நடத்தலாம். ஆங்கிலப்பள்ளிக்கு வேதனம் உயர்ந்தது, தியாகம் போதாது. திருவிழாவில் வாணத்துக்கும் வேறு ஆடம்பரங்களுக்கும் செலவான பணத்திற் சிறுபங்கு வந்திருந்தால் அப்பள்ளி நின்றிருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

இதற்கிடையில் அரசினர் கொள்கை மாறிக்கொண்டு வந்தது. 1841-இல் அமைந்த மத்திய பாடசாலைச் சபை தனியார் பள்ளிக்கும் உதவி வழங்கியது. ஆயினும் அதன் பயன் பெரும்பாலும் மிஷனார்க்கே சென்றது. 1867-இல் வெளியான மோர்கன் குழுவினர் அறிக்கையின்பின், 1869-இற் பொதுக்கல்விப் பகுதி தோன்றியது. அடுத்து வந்த விதிகளின்படி, சமயம் எதுவாயினும், உலகியற் பாடங்களில் மாணாக்கர் பரீட்சையில் அடையும் பேற்றுக்குத் தக்கபடி நன்கொடை அளிக்கப்பட்டது. ஏட்டளவில் இது நடுவுநிலை. செயலளவிலோ, முன்னரே உதவிபெறும் பள்ளிக்கு அணித்தாகப் புதுப்பள்ளி எழுந்தால் அதற்கு உதவியில்லை என்னும் தூரவிதி இருந்தது. முந்தி வந்தவர் மிஷனார். ஆதலால் நடுவுநிலையான விதியே பிந்தி வந்தவர்க்குத் தடையாயிற்று. சைவர் மட்டுமன்று, தென்னிலங்கைப் பௌத்தரும் இதனை முறையிட்டனர்.

இத்தடைக்குள்ளே சைவர் கூட்டாக முயன்றனர். 1888-இல் யாழ்ப்பாணத்திற் சைவபரிபாலன சபை தோன்றியது. ஒருவர் தனிமுயற்சியாகத் தொடங்கிய ஆங்கிலப்பள்ளியை அச்சபையார் ஏற்று, 1890-இல் வண்ணார்பண்ணையில் நிலைபெறுத்தினர். அதுவே யாழ்ப்பாணம் இந்துக்கல்லூரி. நாவலரவர்கள் சைவாங்கில வித்தியாசாலை விழுந்த பதினான்கு ஆண்டுக்குள் அதே ஊரில் அக்கருத்து எழுந்து நின்றமைக்குக் காரணம், தாங்கியவர் ஒருவரல்லர், ஒரு சபை என்பதே. மாணாக்கர் கட்டணமும் அரசினர் நன்கொடையும் அதற்கு உதவின.

கிராமங்களின் நிலை வேறு. பல ஊர்களில் மிஷன் பள்ளி ஒன்றே பள்ளி. அவ்வூர்களைக் கருதி 1923-இற் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் அமைந்தது. அதற்காக உழைத்த சு. இராசரத்தினம் அவர்களை மக்கள் 'இந்துபோர்ட் இராசரத்தினம்' என்றே அழைத்தனர். சங்கத்தின் ஆங்கிலப்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. புதுப்பள்ளி பதிவுபெறும்வரை நன்கொடை இல்லையாதலால், அதுவரை ஊரார் பொருளாலும் ஆசிரியர் பொறுமையாலும் நடந்தாக வேண்டும். அரைவேதனத்தில் உழைத்த சைவ ஆசிரியர் பலர் பெயர் இன்று எவர்க்கும் தெரியாது. இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் அச்சங்கத்தின்கீழ் வந்தன. ஆசிரியர் கிடைத்தற்பொருட்டு 1928-இல் திருநெல்வேலியிற் சைவாசிரிய கலாசாலை எழுந்தது.

இப்பள்ளிகளை ஆண்டவர் முகாமையாளர். அவரை அக்காலத்தார் மனேச்சர் என்பர். பணம் பெரும்பாலும் அரசினருடையது. நியமனமும் இடமாற்றமும் முகாமையாளருடையன. பொருளும் ஆட்சியும் வெவ்வேறு கையில் நின்ற இவ்வமைப்பில் நன்மையுமுண்டு, கேடுமுண்டு. தேவாரம் ஓதி வகுப்புத் தொடங்கியதும், குருபூசை கொண்டாடியதும், சைவாசாரமுள்ள ஆசிரியரைத் தெரிந்ததும் அதன் நன்மை. கேட்டையும் சொல்லவேண்டும். சாதிகாரணமாகப் பிள்ளைகளை வாயிலில் நிறுத்தியதும், உள்ளே விட்டவிடத்து நிலத்தில் இருத்தியதும் சைவப்பள்ளிகள் பலவற்றில் நடந்தன. மிஷன் பள்ளிகளும் முற்றும் நீங்கியிருந்தன என்பதற்கில்லை. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கல்விப்பகுதியார் சமஆசனம் கொடுக்கும்படி கட்டளையிட்டபோது எதிர்ப்பெழுந்து, சில பள்ளிகள் தீக்கிரையாயின. திருநாளைப்போவாரைத் திருத்தொண்டர் வரிசையில் வைத்து வணங்கும் சமயத்தார் தம் பள்ளி வாயிலைத் தாமே திறவாமல், நன்கொடை கொடுத்த அரசினர் திறக்கக் காத்திருந்தனர். பிற்காலத்து அரசுடைமையைக் குறைகூறும் நம்மவர் இதனை மறத்தலாகாது.

1945-இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் நீங்கவே, உதவி பெற்ற பள்ளி ஏறக்குறைய முழுவதும் அரசினர் பொருளில் நின்றது. ஏழைப்பிள்ளைக்கு இது பெரும்பேறு. தருமசங்கங்களுக்கோ சொந்த வருவாய் என்பதொன்று இல்லாமற் போயிற்று. 1960-ஆம் ஆண்டு 5-ஆம் இலக்கச் சட்டமும் 1961-ஆம் ஆண்டு 8-ஆம் இலக்கச் சட்டமும் வந்தபோது, முதலில் முகாமையும், பின்னர் நிலமும் கட்டடமும் அரசினரைச் சார்ந்தன. பெரிய பள்ளிகள் கட்டணமும் நன்கொடையும் இன்றித் தனித்து நிற்கலாம் என்றொரு வழி விடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அவ்வழியிற் சென்றவை பெரும்பாலும் யாழ்ப்பாணக்கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி, சம்பத்திரிசியார் கல்லூரி, பரியோவான் கல்லூரி போன்ற கிறிஸ்தவப் பள்ளிகளே. அவற்றுக்குத் திருச்சபைகளின் துணை இருந்தது. சைவப்பள்ளிகள் அரசினர் கையிற் சென்றன, இந்துக்கல்லூரியும் சென்றது. தத்தம் சமயத்தை ஒரு பாடமாக மாணாக்கர் கற்கும் முறை அரசினர் பள்ளிகளிலும் அமைந்தமையாற் சைவபாடம் ஒழியவில்லை. ஒழிந்தது ஆசிரியரைத் தெரியும் உரிமை.

நாவலரவர்கள் தாபித்த இரண்டு வித்தியாசாலைகளுள், வண்ணார்பண்ணையது இலங்கைச் சட்டத்தின் வழிச் சென்றது. சிதம்பரத்தில் அவர் நாட்டியது அவர் பெயராலேயே இன்றும் நடக்கின்றது. அரசினர் வேதனம் கொடுக்க, தருமத்தார் முகாமை செய்யும் உதவிபெறும் பள்ளி என்னும் அப்பழைய வகை தமிழ்நாட்டில் இன்னும் வழக்கிலுண்டு.