வீடியோ கேம் ஒரு பொருளா, இல்லையா?

பழுதான மின்விசிறியை பில்லோடு கொண்டு போனால், கடைக்காரர் முகம் சுளித்துக்கொண்டாவது மாற்றித் தருவார். காசு கட்டி இறக்கிய வீடியோ கேம் பாதியில் நின்றுபோனால் "காசு திரும்பத் தரப்படமாட்டாது" என்று ஒரு மின்னஞ்சல்தான் வரும். நம் பிள்ளைகள் பலருக்கும் இந்த எரிச்சல் தெரியும். இந்தப் பதிலை அவுஸ்திரேலியாவில் நீதிமன்றம் வரை கொண்டு போனார்கள். அந்த வரலாற்றை நாமும் அறிந்து வைப்பது நல்லது.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் அமெரிக்காவின் வால்வ் கம்பனியுடையது. வாங்கியவருக்குக் காசு திரும்பக் கிடையாது என்பது அன்று அதன் நிபந்தனையாக இருந்தது. 2014 இல் அவுஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது.

வால்வ் சொன்ன வாதங்களைப் பாருங்கள். எங்கள் ஒப்பந்தத்துக்கு வொஷிங்டன் மாநிலச் சட்டமே பொருந்தும். நாங்கள் அவுஸ்திரேலியாவில் தொழில் செய்யவில்லை. நாங்கள் விற்பது 'பொருளே' அல்ல.

ஆனால் அந்நாட்டு நுகர்வோர் சட்டம் 'பொருள்' என்பதற்குள் கப்பல், மீன், மின்சாரம் ஆகியவற்றோடு கணினி மென்பொருளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. வால்வின் சேர்வர்களும் அங்கேயே இருந்தன. 2016 மார்ச்சில் நீதியரசர் ஜேம்ஸ் எடெல்மன் கம்பனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். டிசம்பரில் 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. மேன்முறையீடும் தோற்றது. 2018 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றமும் கதவை மூடியது.

வழக்கு நடந்துகொண்டிருந்த 2015 ஜூனிலேயே ஸ்டீம் உலகம் முழுவதற்கும் ஒரு திட்டத்தை அறிவித்தது: வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திரும்பக் கேட்கலாம். அதே மாதம் வெளியான 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' கணினிப் பதிப்பு பிழைகள் மலிந்து, உடனேயே விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது.

2020 இல் சோனியின் ஐரோப்பியக் கிளைக்கும் அவுஸ்திரேலியாவில் 35 இலட்சம் டொலர் தண்டம். விளையாட்டை இறக்கிவிட்டால் அல்லது 14 நாள் கடந்துவிட்டால் காசு தரத் தேவையில்லை என்று வாடிக்கையாளரிடம் பிழையாகச் சொன்னதே குற்றம். அதே ஆண்டு டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' பழைய கேம் இயந்திரங்களில் ஓட முடியாமல் திணறியபோது, சோனி அதைத் தன் கடையிலிருந்து நீக்கி, வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 14 நாள், 2 மணித்தியாலம் என்பது கம்பனி போட்ட எல்லை. பழுது பத்தாவது மணித்தியாலத்திலும் தெரியவரலாம். அப்போது கைகொடுப்பது கம்பனியின் தாராளம் அல்ல, நாட்டின் சட்டம்.

நம் நாட்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896 இல் வந்தது. அன்று அதை எழுதியவர்கள் கணினியைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். அவுஸ்திரேலியாவில் வழக்கை வெல்ல உதவிய அந்த இரண்டு சொற்களை, 'கணினி மென்பொருள்' என்பதை, நாமும் நம் சட்டத்தில் தெளிவாகக் கேட்க வேண்டாமா?

அதுவரை பில்லையும் பிழை தெரியும் திரைப் படத்தையும் சேமித்து வைக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். முதல் மறுப்போடு விட்டுவிடாமல் எழுத்தில் திரும்பக் கேட்கவும் பழக்குவோம்.