கப்பலேறிய உபாத்தியாயரும் கரையில் நின்ற மாணவனும்

ஜப்பான் தேசத்தின் தென்மேற்கிலுள்ள பெருந்தீவான கியூஷூவில், குமமோத்தோ என்னும் கோட்டை நகரத்தில், தந்திக் கம்பிகள் புதிதாக இழுக்கப்பட்ட 1870-களில், அக்கம்பிகளின் கீழே நடந்துபோக நேர்ந்தபோதெல்லாம் வெள்ளை விசிறியைத் தலைக்குமேல் விரித்துப் பிடித்துக்கொண்டு கடந்து சென்ற ஒரு கூட்டத்தார் இருந்தார்கள். மேனாட்டு உடை தரித்தவன் எதிரே வந்துவிட்டால் தீட்டுக் கழிய உப்பைத் தூவிக்கொள்வார்கள். காகித நோட்டைக் கையால் தீண்டாமல் குச்சிகளால் இடுக்கி வாங்குவார்கள். ஷின்பூரென் என்று பெயர்பெற்ற இச்சாமுராய்கள் வாழ்ந்த அதே நகரத்தில், அதே வருஷங்களில், ஓர் அமெரிக்கர் இரண்டடுக்கு வீட்டில் குடியிருந்துகொண்டு, சாமுராய் குலத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கில பாஷையைக் கற்பித்துவந்தார். அந்த வீட்டுக்கும் அந்த விசிறிகளுக்கும் இடையில் நடந்துபோய் வந்த பிள்ளைகளைப்பற்றியே எனக்குக் கவலை. அந்நிய உபாத்தியாயர்மேல் எழுந்த சந்தேகத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் உபாத்தியாயரின் கதையையே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அடி விழுந்த முதுகுகளை எண்ணிப் பார்த்தால் அவற்றில் பல மாணவர்களுடையவை.

1868-இல் மெய்ஜிச் சக்கரவர்த்தியின் பெயரால் புதிய ராஜாங்கம் ஏற்பட்டபோது, உலகமெங்கும் சென்று அறிவைத் தேடவேண்டும் என்று பிரதிக்ஞை செய்துகொண்ட தலைவர்கள், ரயில் பாதைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் பீரங்கிச் சாலைக்கும் வேண்டிய நிபுணர்களோடு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களையும் பெருஞ்சம்பளம் பேசி வரவழைத்தார்கள். தோக்கியோவில் சர்க்கார் கல்விச்சாலையின் தலைமையாசிரியராக இருந்த வெர்பெக் என்பவருக்கு மாதம் 600 யென் கொடுத்தார்கள்; ராஜாங்கத்தின் முதல் மந்திரிக்கே 800 யென்தான். கொடுத்த கை தாராளமாயிருந்தாலும், பார்த்த கண்களில் அச்சம் நிறைந்திருந்தது. இருநூறு ஆண்டுகளுக்குமேல் கிறிஸ்துவ மதம் அந்நாட்டில் மரணதண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. அதைத் தடைசெய்து அறிவித்த பலகைகள் வீதிமுனைகளிலிருந்து இறக்கப்பட்டதே 1873-இல்தான். ஆதலால் ஆங்கில உபாத்தியாயர் என்றாலே அங்கி அணியாத பாதிரியார் என்றும், அவர் கையிலுள்ள அரிச்சுவடிக்குப் பின்னால் வேறொரு புஸ்தகம் மறைந்திருக்கிறது என்றும் சாமானிய ஜனங்கள் எண்ணினார்கள். 1871-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தோக்கியோ கல்விச்சாலையில் ஆங்கிலம் கற்பித்துவந்த டாலஸ், ரிங் என்னும் இருவர் இரவில் வீதியில் நடந்துகொண்டிருக்கையில் பின்னாலிருந்து வாளால் வெட்டப்பட்டார்கள். இருவரும் பிழைத்தார்கள். டாலஸ் அதன் பிறகும் ஊருக்குத் திரும்பாமல், வடக்கே யோனெசாவா என்ற ஊருக்குப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இன்று தேசமெங்கும் பேர்போன யோனெசாவா மாட்டிறைச்சியை முதலில் வெளியுலகுக்கு அறிமுகம் செய்தவர் அவரே என்று அவ்வூரார் நன்றியோடு சொல்லுகிறார்கள்.

குமமோத்தோவின் கதை ஆசிரியர் வருவதற்கு முன்பே ஒரு கொலையோடு தொடங்கியது. அந்தச் சமஸ்தானத்தில் பிறந்த யோக்கோய் ஷோனான் என்ற பெரும் அறிஞர், மேனாட்டு வித்தைகளைக் கற்றே தேசம் பிழைக்கவேண்டும் என்று வாதித்தவர். கிறிஸ்துவ மதத்தை உள்ளே கொண்டுவரப் பார்க்கிறார் என்ற பழியைச் சுமத்தி, 1869-இல் கியோத்தோ நகரில் அவரை வெட்டிக் கொன்றார்கள். அவர் கிறிஸ்துவருமல்லர், அம்மதத்தைப் பரப்ப எண்ணியவருமல்லர். அவருடைய சகோதரன் மகன்கள் அமெரிக்காவில் படித்தவர்கள். அவர்களுள் ஒருவரின் முயற்சியினாலும் வெர்பெக்கின் உதவியினாலும், மேனாட்டுக் கல்விச்சாலை ஒன்று 1871-இல் குமமோத்தோவில் திறக்கப்பட்டது. அதற்கு ஆசிரியராக வந்தவர் லிராய் லான்சிங் ஜேன்ஸ். அவர் பாதிரியார் அல்லர்; வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கலாசாலையில் தேறி, அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் பீரங்கிப் படையில் காப்டனாக இருந்தவர். சமஸ்தானத்தார் தேடியதும் போர்வீரரைத்தான்.

ஜேன்ஸ் துபாஷி ஒருவரையும் வைத்துக்கொள்ளவில்லை. முதல் நாளிலிருந்தே எல்லாம் ஆங்கிலத்தில். கணிதம், பூகோளம், சரித்திரம், ரஸாயனம், எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே ஆசான். மேல்வகுப்பார் கீழ்வகுப்பாருக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பது அவர் ஏற்படுத்திய முறை. ஆண்பிள்ளைகளோடு ஒரே கூரையின்கீழ்ப் பெண்கள் உட்கார்ந்து படிப்பதை எவரும் கனவிலும் கருதாத அந்நாளில், தொக்குத்தோமி குடும்பத்திலிருந்தும் யோக்கோய் குடும்பத்திலிருந்தும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டார். சில ஆண்டுகள் மதத்தைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசாதிருந்தவர், மாணவர்களின் ஆங்கிலம் தேறிய பிறகு, விருப்பமுள்ளவர்கள் தம் வீட்டுக்கு வந்து பைபிள் படிக்கலாம் என்று அழைத்தார். முதலில், எதிரியின் கோட்டையை உளவறியும் எண்ணத்தோடுதான் சிலர் போனார்கள்.

1876-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி, நகரத்துக்குப் புறத்தேயுள்ள ஹனாவோக்கா என்னும் குன்றின்மேல் ஏறி, அம்மாணவர்களில் 35 பேர் கிறிஸ்துவ மதத்தை ஏற்றுத் தேசத்துக்கு அதைக் கொண்டுசெல்வதாக எழுதிய பிரதிக்ஞைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். மிக இளையவர்களில் ஒருவனான தொக்குத்தோமி ஈச்சிரோவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

ஊரார் கொண்ட சந்தேகம் இந்த ஓரிடத்தில் ஆதாரமற்றதென்று சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பாஷை கற்பிக்க வந்தவர் மதத்தையும் கற்பித்தார். ஆனால் தண்டனை யாருக்குக் கிடைத்தது? அந்நியர்கள்மேல் ஜப்பானிய நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லாதபடி உடன்படிக்கைகள் இருந்த காலம் அது. 1899 வரையில் அந்நிலை நீடித்தது. ஜேன்ஸை எவரும் தொடவில்லை. பேசிய சம்பளம் பேசிய காலம்வரையில் கிடைத்தது. பிள்ளைகளின் கதை வேறு. கனமோரி என்ற இளைஞரை வீட்டார் மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். கொலையுண்ட ஷோனானின் சொந்த மகனான யோக்கோய் தொக்கியோவும் அந்தக் குன்றில் கையெழுத்திட்டவர். கணவனைக் கொன்றவர்கள் சொன்ன பொய்ப்பழியை மகன் மெய்யாக்கிவிட்டான் என்ற துக்கம் தாங்காமல், அவருடைய தாய் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தாள். அவளைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவ்வாண்டே பள்ளி மூடப்பட்டது. மாணவர் பலர் கியோத்தோவில் நீஜிமா ஜோ அதற்கு முந்திய வருஷம் நிறுவியிருந்த தோஷிஷா கலாசாலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கொசாக்கி, யோக்கோய், எபினா என்னும் மூவர் பிற்காலத்தில் அந்தக் கலாசாலைக்கே தலைவர்களானார்கள். அக்டோபர் 24-ஆம் தேதி இரவில், விசிறி பிடித்து நடந்த அந்தக் கூட்டத்தார் சுமார் 170 பேர், துப்பாக்கியைத் தீண்டாமல் வாளும் ஈட்டியுமாய்ப் புறப்பட்டு, ராணுவ முகாமைத் தாக்கி, சேனைத் தலைவரையும் மாகாண அதிகாரியையும் கொன்று, தாமும் பெரும்பாலோர் மடிந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் ஜேன்ஸ் தம் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போயிருந்தார்.

அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் இச்சந்தேகம் அடங்கிக் கிடந்தது. லாஃப்காடியோ ஹெர்ன் அதே குமமோத்தோவில் 1891 முதல் 1894 வரையில் மாதம் 200 யென் சம்பளத்தில் ஆங்கிலம் கற்பித்தபோது, அவரை வெட்ட எவரும் வாளெடுக்கவில்லை. ஜப்பானியப் பெண்ணை மணந்து, 1896-இல் ஜப்பானியப் பிரஜையாகி, கோயிஸுமி யாக்குமோ என்று பெயர் பூண்ட அவரைத் தோக்கியோ சர்வகலாசாலை 1903-இல் விலக்கியபோது, அந்த இடத்துக்கு வந்தவர்களுள் ஒருவர், அதே குமமோத்தோவில் ஆங்கிலம் கற்பித்துப் பின் லண்டன் சென்று மீண்ட நட்ஸுமே ஸோஸெக்கி. சுதேச ஆசிரியர்கள் பெருகப் பெருக, அந்நிய ஆசிரியர் அச்சத்துக்குரியவராக இல்லாமல், அலங்காரமாக ஆகிவிட்டார். ஆயினும் அமெரிக்கா 1924-இல் ஜப்பானியர் குடியேறுவதைச் சட்டத்தால் தடுத்த பிறகு மனஸ்தாபம் வளர்ந்தது. 1927-இல் புஜிமுரா ட்ஸுக்குரு என்ற இலக்கியப் பேராசிரியர், நடுத்தரப் பள்ளிகளில் ஆங்கிலத்தை உடனே நீக்கவேண்டும் என்று எழுதினார். அது பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று.

வடகோடியிலுள்ள ஹொக்கைதோ தீவில், சப்போரோ நகரத்துச் சர்வகலாசாலையில், 1921 முதல் ஹெரால்ட் லேன் என்னும் அமெரிக்கர் ஆங்கிலம் கற்பித்துவந்தார். யுத்தம் எதிலும் ஆயுதமேந்துவதில்லை என்ற விரதமுடைய குவேக்கர் சமூகத்தைச் சேர்ந்தவர். முதல் உலக யுத்தத்தில் படையில் சேர மறுத்தவர். அவருடைய மனைவி பாலின், மிஷனரி ஒருவரின் மகளாக ஜப்பானிலேயே பிறந்தவர். அவரும் அங்கே ஆசிரியை. சர்வகலாசாலை கொடுத்த வீட்டில் ஆறு பெண்குழந்தைகளோடு வாழ்ந்த இத்தம்பதிகள், வாரத்தில் ஒரு மாலைப்பொழுது வீட்டின் கதவைத் திறந்துவைத்து மாணவர்களை வரவேற்பார்கள். தேநீரும், பாஷைப் பயிற்சியும், பனிக்காலத்து இரவுகளில் நீண்ட சம்பாஷணையும். அந்நிய ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து, பிரெஞ்சு மொழியில் 'இருதய சங்கம்' என்று பெயரிட்டு ஒரு சிறு கூட்டமும் அங்கே நடத்தினார்கள். திபெத்தைப்பற்றியும் ஜப்பானைப்பற்றியும் பின்னாளில் நூல்கள் எழுதிய இத்தாலியரான ஃபோஸ்கோ மராய்னியும் அவர்களுடன் பழகினார்.

அந்த வீட்டுக்கு வந்தவர்களுள் மியாசாவா ஹிரோயூக்கி என்னும் மாணவன் ஒருவன். மின்சாரப் பொறியியல் படித்தவன்; பாஷைகள் கற்பதில் அளவிறந்த ஆசை; மராய்னியோடு பனிமலை ஏறியவன்; விடுமுறை தோறும் கரஃபுத்தோ, மஞ்சூரியா என்று பிரயாணம் போய்வந்து, பார்த்ததை எல்லாம் ஆசிரியருக்கும் ஆசிரியைக்கும் கதையாகச் சொல்லுகிறவன். வெளியே நாடு மாறிக்கொண்டிருந்தது. 1937-இல் சீனாவோடு யுத்தம் மூண்ட வருஷத்தில், ராணுவ ரகசியப் பாதுகாப்புச் சட்டம் திருத்தி எழுதப்பட்டு, எது ரகசியம் என்பதை ராணுவ மந்திரிகளே நிர்ணயிக்கும்படி ஆயிற்று. ஒற்றர்களைப்பற்றி எச்சரிக்கும் சுவரொட்டிகள் கடைவீதிகளில் தொங்கின. அந்நியன் யாரோடு பேசுகிறான் என்று பார்ப்பது பிரஜையின் கடமையாகப் போதிக்கப்பட்டது. அந்தக் கண்களுக்குத் தேநீர்க் கோப்பைகள் தெரியவில்லை. திறந்திருந்த கதவு மட்டும் தெரிந்தது.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி காலையில், பேர்ல் துறைமுகத் தாக்குதலின் செய்தி ரேடியோவில் வந்ததும், மியாசாவா தன் ஆசிரியர் வீட்டுக்கு ஓடினான். யுத்தம் வந்தாலும் தன் சிநேகம் மாறாது என்று சொல்வதற்காகப் போனான் என்பார்கள். அன்றே அவனும் லேன் தம்பதிகளும் கைதானார்கள். நேமுரோ என்னும் துறைமுகப் பட்டினத்தில் கடற்படையின் விமானத்தளம் இருப்பதை ஆசிரியருக்குச் சொன்னான் என்பது அவன்மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. அந்தத் தளமோ, 1931-இல் அமெரிக்க விமானி லிண்ட்பெர்க் நேமுரோவுக்கு வந்திறங்கியபோதே உலகறிந்தது. பத்திரிகைகளில் அச்சாகி எல்லோரும் படித்த விஷயம். கதவடைத்து விசாரணை நடந்தது. பெற்றோருக்குக்கூட மகன் செய்த குற்றம் இன்னதென்று சொல்லப்படவில்லை. ஹெரால்டுக்கு 15 வருஷம், பாலினுக்கு 12 வருஷம், மியாசாவாவுக்கு 15 வருஷம். மேல்முறையீடுகள் தள்ளப்பட்டன.

1943-இல், இரு தேசங்களும் கைதிகளை மாற்றிக்கொண்ட கப்பலில் லேன் தம்பதிகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். மியாசாவாவை மாற்றிக்கொள்ளக் கப்பல் ஏது? உறைபனிக் கடலோரத்திலுள்ள அபஷிரிச் சிறைக்கு அவனை அனுப்பினார்கள்.

அந்த வருஷங்களில் ஆங்கிலம் 'சத்துரு பாஷை' என்று பெயர் பெற்றது. பெண்கள் உயர்பள்ளிகளில் அது விருப்பப் பாடமாக இறக்கப்பட்டது. பேஸ்பால் ஆட்டத்தில் ஆங்கிலக் கூவல்கள் நின்றன. வாரப் பத்திரிகைகள் தம் பெயரிலிருந்த ஆங்கிலச் சொற்களைக் களைந்தன. யுத்தகாலத்தில் எழுத்தாளர்களை ராஜபக்தியில் ஒன்றுதிரட்ட 1942-இல் அமைத்த சங்கத்துக்குத் தலைவர், அன்று ஹனாவோக்கா குன்றில் கையெழுத்திட்ட தொக்குத்தோமி. ஸோஹோ என்ற புனைபெயரால் தேசம் முழுதும் அறிந்த முதியவர். இதைப் படித்தபோது நெடுநேரம் எனக்கு மேலே படிக்க ஓடவில்லை. அதே காலத்தில் எத்தஜிமா கடற்படைக் கலாசாலையின் தலைவரான இனூவே ஷிகேயோஷி என்ற கடற்படைத் தளபதி, அந்நிய பாஷை அறியாத கடற்படை அதிகாரி எந்நாட்டிலும் இல்லை என்று சொல்லி, தம் மாணவர்களுக்கு ஆங்கிலத்தை நிறுத்த மறுத்துவிட்டார் என்பதையும் எழுதிவைப்பது நியாயம்.

யுத்தம் முடிந்து 1945 அக்டோபரில் மியாசாவா விடுதலையானான். குளிரும் பட்டினியும் க்ஷயரோகமும் அதற்குள் அவன் உடலைத் தின்றுவிட்டிருந்தன. அடுத்த ஆண்டு அக்டோபரில், பட்டத்து இளவரசருக்கு ஆங்கிலம் கற்பிக்கவேண்டுமென்று சக்கரவர்த்தி வேண்டிக்கொண்டதன்பேரில், எலிஸபெத் வைனிங் என்ற அமெரிக்க மாது தோக்கியோவுக்கு வந்துசேர்ந்தார். அவரும் குவேக்கர். அரண்மனையில் அந்தப் பாடம் தொடங்கிய நான்காவது ஐந்தாவது மாதத்தில், 1947 பிப்ரவரி 22-ஆம் தேதி, குவேக்கர் ஆசிரியர் வீட்டில் தேநீர் அருந்திய குற்றத்துக்காக அழிந்த அந்த வாலிபன், இருபத்தேழாம் வயதில் உயிர்துறந்தான். ஒற்றன் வீடு என்ற பழி அவன் குடும்பத்தின்மேல் பிறகும் நெடுங்காலம் நிழலாய்ப் படிந்திருந்தது. 1980-களில் வழக்கறிஞர் ஒருவர் பழைய காகிதங்களைத் துருவி ஆராய்ந்து எழுதிய பிறகே, நடந்தது இன்னதென்று நாட்டார் பலரும் அறிந்தார்கள்.

லேன் தம்பதிகள் 1951-இல் சப்போரோவுக்குத் திரும்பினார்கள். சர்வகலாசாலையே அழைத்தது, பழையபடி ஆங்கிலம் கற்பித்தார்கள், பழையபடி மாணவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஹெரால்ட் 1963-இலும் பாலின் 1966-இலும் காலமாகி, அந்நகரத்து மருயாமா மயானத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். திரும்பிவந்த முதல் வருஷத்தில் அவர்கள் முன்னே பெஞ்சுகளில் வந்தமர்ந்த பிள்ளைகளுக்கு, பத்து வருஷங்களுக்கு முன் அந்த டிசம்பர் காலையில் அவர்கள் வீட்டுக்கு ஓடிவந்தவனுக்கு இருந்த வயதுதான் இருந்தது.