இரண்டாம் வருகை

சிலுவையில் மரித்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்து, பரலோகம் சென்ற இயேசு கிறிஸ்து யுகமுடிவில் மகிமையோடு மீண்டும் எழுந்தருளி, உயிரோடிருப்பவரையும் மரித்தவரையும் நியாயந்தீர்ப்பார் என்னும் கிறிஸ்தவக் கொள்கையே இரண்டாம் வருகை எனப்படுவது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு ஆளப்பட்ட ‘பரூசியா’ என்ற சொல், பேரரசனோ அவன் பிரதிநிதியோ ஒரு நகரத்துக்கு விஜயம் செய்வதைக் குறிக்க அக்கால அரசாங்க வழக்கில் நிலவியதாகும். ஊரெல்லைக்குச் சென்று மன்னனை எதிர்கொண்டு அழைத்துவரக் கூடி நிற்கும் ஜனங்களின் பரபரப்பு அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. விசுவாசிகள் எதிர்நோக்கும் அந்த விஜயம் இன்னும் நிகழாதிருத்தலின், இக்கொள்கையின் சரித்திரம் பெரும்பாலும் தாமதத்தின் சரித்திரமாகவே அமைந்துவிட்டது.

அத்தாமதம் முதன்முதல் உணரப்பட்ட இடம் மாசிதோனியாவின் துறைமுக நகரமாகிய தெசலோனிக்கே. ஏறத்தாழ கி.பி. 50-இல், அப்போஸ்தலர் பவுல் அவ்வூர்ச் சபைக்கு எழுதிய நிருபம், இன்று கிடைக்கும் கிறிஸ்தவ நூல்களுள் மிகப் பழையதாக அறிஞர் பலரால் கருதப்படுகிறது. ஆண்டவர் தங்கள் ஆயுட்காலத்திலேயே வந்துவிடுவார் என்று நம்பியிருந்த அச்சபையாருள் சிலர் இறந்துபோகவே, அவர்கள் அம்மகிமையை இழந்துவிட்டார்களோ என்ற துக்கம் எஞ்சியோரைப் பற்றிக்கொண்டது; மரித்தோரே முந்தி எழுந்திருப்பர் என்று பவுல் அவர்களைத் தேற்றினார். அவர் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபமோ, ஒழுங்கற்றுத் திரிந்து, வேலை செய்யாமல் ஊர்க்காரியங்களில் தலையிட்டுக்கொண்டிருந்தவர்களைக் கண்டித்து, உழைக்க மனமில்லாதவனுக்கு உணவுமில்லை என்று விதிக்கிறது. வருகையை எதிர்பார்த்த பரபரப்பே அவர்களை அந்நிலைக்குக் கொணர்ந்தது என்பது வியாக்கியானிகள் பலரின் கருத்து. பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபம், ‘வருவார் என்ற வாக்குத்தத்தம் எங்கே?’ என்று பரிகசிப்பவர்க்கு, ஆண்டவருக்கு ஆயிரம் வருடமும் ஒரு நாளும் ஒன்றே என்று விடையிறுக்கும்போது, முதல் தலைமுறையின் கேள்வி துக்கத்திலிருந்து ஏளனத்துக்கு மாறிவிட்டதை நாம் காண்கிறோம்.

பாலஸ்தீனச் சபையினர் அரமேய மொழியில் வழங்கிய ‘மாரநாதா’ என்ற சிறு தொடர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் இறுதியில் மொழிபெயர்க்கப்படாமலே நிற்கிறது. அதனை ஒருவிதமாகப் பிரித்தால் ‘நம் ஆண்டவர் வந்துவிட்டார்’ என்றும், மற்றொருவிதமாகப் பிரித்தால் ‘எங்கள் ஆண்டவரே, வாரும்’ என்றும் பொருள்படும். வந்தவரையே வருக என்று அழைக்கும் இச்சிலேடை தற்செயலாக நேர்ந்ததேயாயினும், பின்வந்த நூற்றாண்டுகளின் விவாதத்தின் வித்து அதிலேயே இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

பத்மு தீவில் யோவான் கண்ட தரிசனங்களைக் கூறும் வெளிப்படுத்தின விசேஷத்தின் இருபதாம் அதிகாரம் ஆயிர வருட அரசாட்சியைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் பப்பியாஸ், இரேனியுஸ் முதலிய ஆசிரியர்கள் இதனைப் பூமியில் பிரத்தியட்சமாக நிகழப்போகும் ஆட்சியென்றே கொண்டனர். அக்காலத்தில் ஒவ்வொரு திராட்சைக்கொடியும் பதினாயிரம் கிளை விடுமென்று பப்பியாஸ் எழுதியதைப் படிப்பவர்க்கு, பஞ்சம் அறிந்த மக்களின் கனவு எத்தகையது என்பது விளங்கும். பிரிகியா நாட்டில் மொந்தானுஸும், பிரிஸ்கில்லா, மாக்சிமில்லா என்ற இரு பெண் தீர்க்கதரிசிகளும் ஓர் இயக்கம் கண்டனர். பெபூசா என்னும் சிற்றூருக்கு எருசலேமென்றே பெயரிட்டு, அங்கே தம்மவரைத் திரட்டினர். அலெக்சாந்திரியாவின் ஓரிகன் ஆயிர வருட ஆட்சியை நேர்ப்பொருளில் கொள்வதை மறுத்து ஆன்மிகப் பொருள் கூறினார். கி.பி. 410-இல் ரோம் சூறையாடப்பட்டபின், 413 முதல் 426 வரை அகுஸ்தீன் இயற்றிய ‘கடவுளின் நகரம்’ என்ற பெருநூல், அந்த ஆயிரம் ஆண்டுகள் சபை நடைபெற்றுவரும் இக்காலமே என்று தீர்த்துரைத்தது. மேற்கத்திய சபை ஆயிரமாண்டுக்கு மேல் இவ்விளக்கத்தின் நிழலிலேயே இளைப்பாறியது எனலாம்.

இளைப்பாறியதேயன்றி மறந்துவிடவில்லை. கிறிஸ்து மீண்டும் வருவார் என்ற வாக்கியம் நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் நிலைபெற்றது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முற்பட்ட நான்கு ஞாயிறுகளும் ரோமை மரபில் ஆகமன காலமாக வகுக்கப்பட்டு, பெத்லெகேமின் முதல் வருகையும் யுகமுடிவின் இரண்டாம் வருகையும் ஒருங்கே தியானிக்கப்படலாயின. கீழைச் சபையார் ஜெபிக்கும்போது கிழக்கு நோக்கி நிற்பதற்குக் காட்டும் காரணங்களுள் ஒன்று, கிறிஸ்து அத்திசையிலிருந்தே வருவார் என்பது.

எனினும் கணக்கிடும் ஆசை ஓயவில்லை. கலாபிரியாவின் துறவி ஃபியோரே யோவாக்கீம் (மறைவு 1202) சரித்திரத்தைப் பிதா, குமாரன், ஆவி என மூன்று யுகங்களாகப் பகுத்தார். அவரைப் பின்பற்றினோர் 1260-ஆம் ஆண்டை மூன்றாம் யுகத்தின் தொடக்கமாக எதிர்பார்த்தனர். 1534-இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரைக் கைப்பற்றிய அனபாப்திஸ்தர் அதனைப் புதிய எருசலேமாகப் பிரகடனம் செய்ய, மறுவருடமே அக்கனவு இரத்தத்தில் முடிந்தது. நிதானமும் பாண்டித்தியமும் மிக்க பெங்கெல் என்ற ஜெர்மானிய வேத பண்டிதர்கூட 1836-ஆம் ஆண்டைக் குறித்துவைத்தார் என்றால், சாமானியரைக் குறைகூற யாருக்கு மனம் வரும்?

சாமானியருள் தலைசிறந்தவர் அமெரிக்க விவசாயியான வில்லியம் மில்லர் (1782–1849). இளமையில் வேதத்தை நம்பாதிருந்து, 1812-இல் மூண்ட யுத்தத்தில் போர்வீரராகப் பணியாற்றித் திரும்பியபின் மனம் மாறிய இவர், தானியேல் ஆகமத்தின் 2,300 நாட்களை ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457-இலிருந்து எண்ணி, 1843-ஐ ஒட்டி ஆண்டவர் வருவார் என்ற முடிவுக்கு வந்தார்; ஆயினும் 1831 வரை மேடையேறிப் பேசத் துணியவில்லை. போஸ்டன் போதகர் ஜோஷுவா ஹைம்ஸின் பத்திரிகைகள் அவர் கணக்கை நாடெங்கும் பரப்பின. குறித்த காலம் கடந்ததும், சாமுவேல் ஸ்நோ என்பவர் மறுகணக்கிட்டு 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்துச் சொல்ல, கடைகளை மூடினோரும், விளைந்த பயிரை அறுக்காது விட்டோருமாகப் பல்லாயிரவர் அந்த இரவு முழுதும் விழித்திருந்தனர். வெள்ளங்கி தரித்து அவர்கள் குன்றுகளின்மேல் ஏறி நின்றதாகப் பத்திரிகைகள் எழுதிய கதைகளுக்குத் தக்க ஆதாரமில்லை. ஆனால் பொழுது விடிந்தபோது அவர்கள் அழுத அழுகைக்கு அவர்களே சாட்சி எழுதி வைத்திருக்கின்றனர். அந்நாள் ‘பெரும் ஏமாற்றம்’ என்றே சரித்திரத்தில் பெயர்பெற்றது. தேதி தவறில்லை, அன்று நிகழ்ந்தது பரலோகத்தின் பரிசுத்த ஸ்தலத்தில் நிகழ்ந்ததே என்று தெளிந்தவர்களிடமிருந்து, 1863-இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை ஸ்தாபிதமாயிற்று.

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் அக்காலத்தே தோன்றிய பிரதரன் சபையாருள் ஜான் நெல்சன் டார்பி (1800–1882), சபை முன்னதாகவே ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்படும் என்று போதித்தார். தமிழ்ச் சபைகள் சிலவற்றில் இன்றும் கேட்கும் ‘இரகசிய வருகை’, ‘பகிரங்க வருகை’ என்ற பாகுபாட்டின் மூலம் இதுவே. பிரதரன் சபையாரைச் சேர்ந்த அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் 1833-இல் இந்தியா வந்தார். திருநெல்வேலியில் மிஷனரி ரேனியுஸிடம் பயின்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) குரோவ்ஸோடு சேர்ந்து, பின்னர்க் கிறிஸ்தியான்பேட்டை என்னும் ஊரை நிறுவினார். 1860-இல் அவரைச் சூழ்ந்து எழுந்த எழுப்புதலில் கண்ணீரும் தீர்க்கதரிசனமும் அந்நிய பாஷையும் வெளிப்பட்டன. ஆண்டவர் சீக்கிரம் வருவார் என்ற நம்பிக்கையும் அவற்றோடு கலந்திருந்தது. அந்த அலை திருவிதாங்கூருக்கும் பரவிற்று. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து 1861-இல் ஞானஸ்நானம் பெற்ற யுஸ்துஸ் யோசேப்பு என்ற வித்வான்குட்டி, 1881-இல் வருகை நிகழுமென்று முன்னறிவித்தார். அவ்வாண்டு கழிந்தபோது, வாக்கு வேறுவகையில் நிறைவேறியதென்று கொண்டு யுயோமயம் என்ற தனிச் சமூகமாக அவரைச் சேர்ந்தோர் நின்றனர். கணக்குப் பிழைத்த தீர்க்கதரிசியை மறந்துவிட்ட பிற சபையார், மணவாளனின் தாமதத்தை எண்ணி ஏங்கும் அவருடைய மலையாளக் கீர்த்தனையை மட்டும் மறக்காமல் பாடிவருகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டுப் பண்டிதர்களிடையே இக்கேள்வி வேறு உருக்கொண்டது. முடிவு உடனே வருமென்று இயேசுவே நம்பினார் என்று 1906-இல் ஆல்பர்ட் ஷ்வைட்சர் வாதிட்டார். கடவுளின் ஆட்சி இயேசுவின் ஊழியத்திலேயே வந்துவிட்டது என்று சி. எச். டாட் 1935-இல் மறுமொழி கூறினார். தீர்மானமான போர் வென்றாயிற்று, வெற்றித் திருநாள் மட்டுமே வரவேண்டியிருக்கிறது என்று 1946-இல் ஆஸ்கர் குல்மான் காட்டிய உவமை, மகாயுத்தத்திலிருந்து அப்போதுதான் மீண்ட ஐரோப்பாவுக்கு எளிதில் புரிந்தது.

காத்திருப்பையே தன் அமைப்பாகக் கொண்ட ஒரு சபை உண்டு. எட்வர்ட் இர்விங்கின் பிரசங்கங்களை ஒட்டி லண்டனில் எழுந்த கத்தோலிக்க அப்போஸ்தல சபை, ஆண்டவரை எதிர்கொள்வதற்கென 1835-இல் பன்னிரு அப்போஸ்தலரைத் தனித்து நியமித்தது. அவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர் வந்துவிடுவார் என்ற துணிபினால், 1855-இல் சிலர் இறந்தபோதும் அவர்கள் இடத்தில் வேறொருவரை அமர்த்தவில்லை. குருப்பட்டம் அளிக்கும் அதிகாரமோ அப்போஸ்தலரிடமே இருந்தது. கடைசி அப்போஸ்தலர் 1901-இல் மறைந்தார். அதன்பின் புதிய குருமார் இல்லை. இருந்த குருமார் ஒருவர்பின் ஒருவராக மறைய, இறுதியில் எஞ்சிய குருவும் 1971-இல் காலமானார். லண்டன் கோர்டன் சதுக்கத்தில் அவர்கள் எழுப்பிய பேராலயத்தை அச்சபையின் தர்மகர்த்தாக்கள் இன்றும் பராமரித்து வருகின்றனர்.