கெனிச்சி அடி வாங்கின பள்ளிக்கூடம்: ஒரு அனிமேயும் நூறு வருட வாதமும்

'வரலாற்றின் மிகப் பலம் வாய்ந்த சீடன் கெனிச்சி' என்ற அனிமேயைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால், பார்த்தவர்களுக்குள்ளேயே ரெண்டு கட்சி வந்துவிடும். மட்சுயெனா ஷுன் வரைந்த மங்கா 2002 தொடக்கம் 2014 வரை 'ஷோனென் சண்டே' வார இதழில் வந்தது. அதன் முற்பகுதி 2006 ஒக்டோபரிலிருந்து 2007 செப்டெம்பர் வரை 50 பாகங்களாக ரிவி ரோக்கியோவில் ஓடியது. பழைய தொடர்தான். ஆனாலும் சண்டைக்கலை அனிமே பார்க்கத் தொடங்குகிற ஆருக்கும் கூட்டாளிமார் சொல்கிற முதல் பத்துப் பெயருக்குள் அது இன்னும் நிற்கிறது.

கதை எளிது. ஷிரஹாமா கெனிச்சி உயர்பள்ளி மாணவன். புத்தகப் பூச்சி, உடம்பில் பலமில்லை. பள்ளிக் கராத்தே கழகத்தில் சேர்ந்தும் அங்கேயே அடிவாங்கிறான். புதுசாக வந்து சேருகிற மியூ என்ற பெண்ணுக்குப் பின்னால் போய் 'ரியோசன்பாக்கு' என்ற பயிற்சிக்கூடத்துக்குள் நுழைகிறான். அங்கே கராத்தே, ஜூஜுட்சு, மொய் தாய், சீனக் கெம்போ, ஆயுதக்கலை எண்டு ஒவ்வொன்றிலும் உச்சம் தொட்ட ஆசான்கள் இருக்கிறார்கள். அவர்கள் அவனைப் பிழிந்து எடுக்கிறார்கள். பிறகு 'ரக்னரொக்' என்ற மாணவக் கும்பலோடு ஒவ்வொருத்தராக மோதல்.

இதைப் பற்றிப் பார்வையாளர்கள் சொல்கிற கருத்துகளைக் கூட்டிப் பார்த்தால் நாலைந்துதான் திரும்பத் திரும்ப வரும். பிடித்தவர்கள் சொல்வது: "இவனுக்குள்ள பேயும் இல்லை, பரம்பரைச் சக்தியும் இல்லை, பயிற்சி மட்டும்தான்." பிடிக்காதவர்கள் சொல்வது: "மியூவை வரைஞ்ச விதம் பார்க்கவே வெக்கமா இருக்கு." வேறு சிலர், ஒரு எதிரி போனால் அடுத்த எதிரி, இதே சூத்திரம்தான் என்பார்கள். கதை பாதியில் நிண்டுபோன கோபம் இன்னும் சிலருக்கு. "பெண்களை அடிக்கமாட்டேன்" என்ற கெனிச்சியின் கொள்கை மேன்மையா முட்டாள்தனமா என்பதில் ஒருநாளும் உடன்பாடு வந்ததில்லை.

எல்லாரும் ஒரே குரலில் சொல்கிற ஒரு விசயமும் இருக்கு: "பள்ளிக்கூடம் சும்மா ஒரு பின்னணி. பள்ளியில ஆர் இப்பிடிச் சண்டை பிடிக்கிறது?" எங்களுக்கு மறுப்பு இருப்பது இந்த இடத்தில்தான். யப்பானியச் சண்டைக்கலைகள் இண்டைக்கு நாங்கள் அறிந்த வடிவத்துக்கு வந்ததே பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதற்காகத்தான். கெனிச்சியைச் சுற்றி நடக்கிற வாதம் மங்காவை விட நூறு வருடம் மூத்தது.

நிஜமான கெனிச்சி

கானோ ஜிகோரோ 1860-இல் பிறந்தவர். படிப்பில் கெட்டிக்காரன், உருவத்தில் சின்னவன். பள்ளியில் பெரிய பெடியள் அவரைப் போட்டு அடித்தார்கள். அடியைத் தடுக்கத்தான் ஜூஜுட்சு பழக ஆசைப்பட்டார். ஆனால் அது மெய்ஜிக் காலம். சாமுராய் வகுப்பே கலைக்கப்பட்டு, மேற்கத்தையப் படிப்புக்குப் பின்னால் நாடே ஓடிக்கொண்டிருந்த நேரம். ஜூஜுட்சு பழசு, அநாகரிகம் என்று கருதப்பட்டது. சொல்லித்தர ஆளைத் தேடின கானோ, எலும்பு முறிவு வைத்தியர்களிடம் போய் விசாரித்தார். ஜூஜுட்சு தெரிந்தவர்கள் பிழைப்புக்காக எலும்பு பொருத்துகிற தொழிலுக்குப் போயிருந்தார்கள் என்பது காரணம். 1877-இல் அப்படித்தான் அவருக்கு ஆசான் கிடைத்தார்.

கெனிச்சி பார்த்தவர்களுக்கு இப்போது ஒரு ஆள் ஞாபகம் வரவேணும். ஜூஜுட்சு ஆசான் அகிசமே எலும்பு வைத்தியம் செய்கிறவர். கெனிச்சியின் உடம்பை உடைப்பவரும் அவர், பொருத்துபவரும் அவர். பகிடிக்காக வைத்தது போல இருக்கும். ஆனால் அது வரலாற்றில் இருந்த தொழில்.

1882-இல், 21 வயதில், கானோ ரோக்கியோவில் ஒரு பௌத்த கோவிலின் அறையில் கொடொக்கானைத் தொடங்கினார். 12 பாய், ஒன்பது மாணவர். தன்னுடைய முறைக்கு 'ஜுட்சு' என்ற சொல்லை விட்டு 'டோ' என்று பெயர் வைத்தார். நுட்பம் என்பது வழி என்றானது. ஆபத்தான அடிகளையும் முறிப்புகளையும் முன்கூட்டியே வரையறுத்த 'கட்டா' என்ற பயிற்சி வடிவங்களுக்குள் ஒதுக்கினார். காயமில்லாமல் விழப் பழக்குவதை முதல் பாடமாக்கினார். எதிராளி உயிரோடு எழும்பி அடுத்த முறையும் விளையாட வரவேணும் என்பதுதான் அந்த மாற்றத்தின் சாரம்.

வாசலில் நிண்ட கலை

கானோ சண்டைக்காரனாக மட்டும் இருக்கவில்லை. ஆசிரியர்களை உருவாக்குகிற ரோக்கியோ உயர் ஆசிரியர் கல்லூரிக்கு நீண்டகாலம் அதிபராக இருந்தவர். ஜூடோ பள்ளிப் பாடமாக வேண்டும் என்பது அவருடைய கனவு. அரசாங்கம் லேசில் விடவில்லை. 1884-இல் அரசின் உடற்பயிற்சி நிறுவனம் ஆராய்ந்து, சண்டைக்கலைகள் பள்ளிக்குப் பொருந்தாது என்று முடிவு சொன்னது. அது காட்டிய காரணங்கள்: உடம்பு ஒருசீராக வளராது, காயம் வரும், பிள்ளைகளின் குணம் முரடாகும், பெரிய வகுப்புக்கு ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுக்க ஏலாது. 1889-இல் கல்வி அமைச்சர் இருந்த சபையில் கானோ ஜூடோவின் கல்விப் பெறுமதியைப் பற்றி உரையாற்றினார். ஆனாலும் 1911-இல்தான் ஜூஜுட்சுவும் வாள்கலையும் நடுநிலைப் பள்ளிகளில் விருப்பப் பாடமாக அனுமதிக்கப்பட்டன.

தெற்கே ஒக்கினாவாவில் இதே வேலையை வேறொருவர் செய்துகொண்டிருந்தார். இடோசு அங்கோ 1901 அளவில் ஷுரியின் ஆரம்பப் பள்ளிக்குள் கராத்தேயைக் கொண்டுவந்தார். அதுவரை ஒருத்தருக்கு ஒருத்தர் மறைவாகச் சொல்லிக்கொடுத்த கலை, பிள்ளைகள் வரிசையாக நிண்டு ஆசிரியரின் எண்ணிக்கைக்குச் செய்கிற பயிற்சியானது. பிள்ளைகளுக்காக அவர் எளிமையாக்கிய 'பினான்' கட்டாக்களை இண்டைக்கும் கராத்தே வகுப்புகளில் பழக்குகிறார்கள். அவரிடம் பயின்ற ஃபுனாகோஷி கிச்சின் தொழிலால் பள்ளி வாத்தியார். 1922-இல் ரோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயைச் செய்துகாட்டினார். கொடொக்கானுக்கு அழைத்தவர் கானோதான். 1924-இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே கழகம் உருவானது. கெனிச்சி அடிவாங்கின அந்தப் பள்ளிக் கராத்தே கழகம் இந்த வரிசையில் வந்தது.

ஆளை ஆக்கிறதா, ஆயுதம் ஆக்கிறதா

கெனிச்சி தொடரின் நடுத்தண்டு ரெண்டு சொற்கள்: 'கட்சுஜின்கென்', 'சட்சுஜின்கென்'. ஒன்று உயிர் தருகிற கலை, மற்றது உயிர் எடுக்கிற கலை. ரியோசன்பாக்கு ஆசான்கள் முதல் பக்கம். இந்தச் சொற்களுக்கு நீண்ட வேர் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் ஷோகன்களுக்கு வாள் ஆசானாக இருந்த யக்யூ முனெனோரி தன் நூலில் உயிர் எடுக்கும் வாள், உயிர் தரும் வாள் என்ற பிரிவுகளை வைத்தே எழுதினார். சில பார்வையாளர்கள் இதை "பஞ்ச் டயலொக்" எண்டு தள்ளிவிடுகிறார்கள். யப்பானியப் பள்ளிகளின் வரலாற்றில் இது உண்மையாகவே நடந்த இழுபறி.

கானோ சொன்ன நோக்கம், தானும் மற்றவரும் சேர்ந்து செழிப்பது. அரசுக்கு வேறு தேவை இருந்தது. 1931-இல் நடுநிலைப் பள்ளி ஆண்களுக்கு ஜூடோவும் கெண்டோவும் கட்டாயமாயின. அதே வருடம்தான் யப்பானியப் படை மஞ்சூரியாவுக்குள் இறங்கியது. 1941-இல் ஆரம்பப் பள்ளியின் மேல்வகுப்பு ஆண்பிள்ளைகளுக்கும் சண்டைக்கலை போனது. துவக்கு முனைக் கத்தியால் குத்துகிற 'ஜூகெண்டோ' மாணவரின் பயிற்சியானது. அடிவாங்காமல் இருக்க ஒரு சின்னப் பெடியன் தேடிப்போன கலை, பெடியளைப் போர்முனைக்குத் தயார்ப்படுத்துகிற பாடமாக மாறினது இப்படித்தான்.

1945-இல் தோல்வி. நேசநாட்டு ஆக்கிரமிப்பின் கீழ் பள்ளிகளில் சண்டைக்கலைகள் தடைசெய்யப்பட்டன. 1950-இல் ஜூடோ திரும்பியது, கெண்டோ அதற்குப் பிறகு. திரும்பி வரும்போது 'இது விளையாட்டு, போர் அல்ல' என்று நிரூபிக்கவேண்டி இருந்தது. 1964 ரோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ இடம்பிடித்தது. திறந்த பிரிவில் ஒல்லாந்தின் அன்டன் ஹேசிங், காமினாகா அகியோவை யப்பான் மண்ணிலேயே வென்றார். கொலை செய்யமாட்டேன் என்று கெனிச்சி திரும்பத் திரும்பச் சொல்வதை, சண்டைக்கலை ஒருமுறை எங்கே கொண்டுபோய் விட்டது என்று அறிந்த ஒரு நாட்டின் பேச்சாகவும் கேட்கலாம்.

மியூவைப் பற்றி

மியூவை வரைந்த விதத்துக்கு வருகிற விமர்சனத்தோடு நாங்கள் முழுதாக உடன்படுகிறோம். கெனிச்சியை விட எவ்வளவோ பலமான பெண். ஆனால் கமரா அவளுடைய சண்டையைப் பார்ப்பதை விட உடம்பைப் பார்க்கிற நேரம் கூட. "அந்தக் காலம் அப்பிடி" எண்டு சமாளிக்க ஏலாது. கொடொக்கானில் பெண்களுக்கான பிரிவு 1926-இலேயே வந்துவிட்டது. ஆனால் பெண்கள் கட்டின கறுப்புப் பட்டியின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். 5-ஆம் டானுக்கு மேல் பெண்களுக்குத் தரநிலை இல்லை என்ற நிலை 1970கள் வரை இருந்தது. கானோவின் முதல் ஆசானுடைய பேத்தியான ஃபுகுடா கெய்கோவுக்கே அந்தக் கதவு 1972-இல்தான் திறந்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ முழுமையான போட்டியானது 1992-இல்.

'பெண்களை அடிக்கமாட்டேன்' என்ற கெனிச்சியின் கொள்கையும் எங்களுக்கு அந்த வெள்ளைக்கோடு மாதிரித்தான் தெரிகிறது. மரியாதை போல இருக்கும், ஆனால் சமமான எதிராளியாக ஏற்காது. உரசவா நவோகியின் 'யவாரா!' கெனிச்சிக்கு முன்னமே, 1989-இல், அனிமேயாக வந்தது. ஜூடோ செய்கிற ஒரு பள்ளி மாணவியை மையத்தில் வைத்தது. 1992 பார்சிலோனாவில் வெள்ளி வென்ற தமுரா ரியோகோவை நாடே 'யவாரா-சான்' என்றுதான் கூப்பிட்டது. அப்படி எழுத வழி ஏற்கனவே இருந்தது.

அந்த ரயர் காட்சி

எல்லாருக்கும் பிடித்த காட்சிகள் பயிற்சிதான். கெனிச்சி ரயரை இழுத்து ஓடுவான், அதற்கு மேல் அகிசமே ஏறி இருப்பார். நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு இந்த வரலாற்றைத் தேடிப்போனபோது சிரிப்புக் கொஞ்சம் அடங்கியது.

தொடர் ஓடிக்கொண்டிருந்த 2006 டிசெம்பரில் யப்பானின் அடிப்படைக் கல்விச் சட்டம் திருத்தப்பட்டது. பாரம்பரியத்தை மதிப்பதும் நாட்டை நேசிப்பதும் கல்வியின் இலக்குகளுக்குள் வந்தன. அதைத் தொடர்ந்து 2008-இல் பாடத்திட்டம் மாறி, 2012 ஏப்ரலிலிருந்து கனிஷ்ட உயர்பள்ளியில் சண்டைக்கலை ஆண், பெண் எல்லாருக்கும் கட்டாயமானது. அப்போது கல்வி சமூகவியலாளர் உச்சிடா ரியோ ஒரு கணக்கை எல்லாருக்கும் முன்னால் வைத்தார். 1983-இலிருந்து ஏறத்தாழ மூன்று தசாப்தங்களில் பள்ளி ஜூடோவில் இறந்த பிள்ளைகளின் தொகை 100-ஐத் தாண்டும். தலையில் அடிபட்ட சாவுகள் அதில் நிறைய. விழப் பழக்குவதை முதல் பாடமாக்கின கலையில் இது நடந்தது.

அடுத்து, தேசியப் பெண்கள் ஜூடோ அணியைச் சேர்ந்த 15 பேர், பயிற்சியில் தங்களை அறைந்ததாகவும் மூங்கில் வாளால் அடித்ததாகவும் யப்பான் ஒலிம்பிக் குழுவிடம் முறைப்பாடு செய்தார்கள். 2013 தொடக்கத்தில் அது வெளியே வந்தது, தலைமைப் பயிற்றுநர் பதவி விலகினார். அதே வருடம் பள்ளிக் கொடுமைகளைத் தடுக்க யப்பான் தனிச் சட்டமும் கொண்டுவந்தது. 2017-இல் பாடத்திட்டத்தில் ஜூகெண்டோவின் பெயர் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டபோது பழைய நினைவுகள் திரும்பி, எதிர்ப்புக் கிளம்பியது.

அப்போ கெனிச்சியின் ஆசான்கள் செய்வதும் இதுதானே? எங்களுக்குள் இதில் நல்ல வாக்குவாதம். முடிவில் ஒரு வித்தியாசம் பிடிபட்டது. கெனிச்சி தானாகப் போனவன். ஓடப் பார்க்கிறான், தானே திரும்பி வருகிறான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாசல் திறந்திருக்கு. அவனை உடைத்தால் பொருத்தவேண்டிய பொறுப்பு ஆசானுக்கு உண்டு. கட்டாய வகுப்பில் நிற்கிற 13 வயசுப் பிள்ளைக்கோ, அணியை விட்டால் எதிர்காலமே போய்விடும் என்ற வீராங்கனைக்கோ அந்த வாசல் இல்லை.

இதை நாங்கள் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. "அடிச்சால்தான் உரம் வரும்", "நாங்களும் வாங்கித்தான் வந்தனாங்கள்" எண்ட கதையை எங்கட கம்பஸ்களில் பகிடிவதைக்கு நியாயம் சொல்கிறவர்களும் கதைக்கிறார்கள். கெனிச்சியைக் காட்டி அதை நியாயப்படுத்தினால், அவர்கள் பார்த்தது வேற தொடர். கராத்தே கழகத்தில் அவனை அடித்தவர்கள்தான் அந்தக் கதையின் முதல் வில்லன்கள்.

ஆகவே எங்கட தீர்ப்பு: பாருங்கோ. சூத்திரம் திரும்பத் திரும்ப வந்தாலும், மியூவின் காட்சிகள் எரிச்சல் தந்தாலும், பாதியில் நிண்டாலும் பாருங்கோ. ஆசான் ரயரில் ஏறி இருக்கிற இடத்தில் சிரிக்கவும் செய்யுங்கோ. ஆனால் ஒரு பள்ளியோ, கழகமோ, கம்பஸோ உங்களை உரமாக்கப் போறம் எண்டு வந்தால், எழும்பிப் போக வாசல் எங்க இருக்கு எண்டு முதலில் கேளுங்கோ.