விதைநெல்லைத் தின்ற போர்

பரங்கிப்பேட்டைப் போரைப் பாடநூல்கள் இரண்டு ஆண்களின் மோதலாகச் சொல்கின்றன: ஐதர் அலி, கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி அயர் கூட். படைகள் வந்த வேகத்தை வியக்கும் வரலாறு, அந்த வேகத்துக்கு யார் வீட்டு நெல் தீனியானது என்று கேட்பதில்லை. சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் இடையே, போர் நடந்த கடற்கரைக்குச் சில மணி நேர நடைத் தொலைவில் உள்ள கீரப்பாளையத்து வயல்களில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்போம்.

1780 ஜூலையில், கம்பெனி ஆயத்தமாக இல்லாத நேரத்தில், ஐதர் பெரும்படையோடு கணவாய்கள் வழியாக ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். அவருடைய மகன் கரீம் பரங்கிப்பேட்டையைக் கொள்ளையிட்டார். அது துணி ஏற்றுமதிக்குப் பேர்போன துறைமுகம். அந்தத் துணிக்கு நூல் நூற்றவர்கள் பெண்கள். துறைமுகம் சூறையாடப்பட்டால் ராட்டினமும் நின்றுபோகும். சென்னையைச் சுற்றிய ஊர்கள் எரிக்கப்பட்டன. மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. எதிரிப் படைக்கு உணவும் வண்டிமாடும் கிடைக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆடி, விதைக்கும் மாதம். ஏர்மாடு போனால் விதைப்பும் போகும்.

அடுத்த ஆண்டு நெருக்கடி சிதம்பரத்துக்கே வந்தது. நடராசர் கோயிலின் உயர்ந்த மதில்களை ஐதரின் படை கோட்டையாக்கி வைத்திருந்தது. உள்ளே தானியம் இருந்தது. உணவுக்குத் திண்டாடிய கூட், 1781 ஜூன் 18 அன்று கோயிலைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். செய்தி கேட்ட ஐதர் இரண்டரை நாளில் சுமார் 100 மைல் கடந்து, கூட்டுக்கும் கடலூருக்கும் நடுவே வந்து நின்றார். ஜூலை 1 அன்று நடந்த போரில் கூட் வென்றார்.

அது ஆனி மாதம். தை அறுவடையில் வந்த நெல் குதிரில் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். மிச்சமிருப்பது பெரும்பாலும் விதைநெல். பசித்தாலும் அதைத் தொடாமல் காப்பது வீட்டுப் பெண்ணின் பொறுப்பு. வருகிற படைக்கோ, குதிரில் இருப்பதெல்லாம் தீனி. நெல்லைக் கொள்ளையடித்தாலும் அப்படியே தின்ன முடியாது. யாரோ குத்தி, புடைத்து, அரிசியாக்க வேண்டும். உலக்கை பிடித்த கைகளைப் போர் வரலாறு எண்ணுவதில்லை. அது எண்ணுவது பீரங்கிகளையும் குதிரைகளையும்.

ஐதர் ஆங்கிலேயரைக் கலங்கடித்தவர் என்பது உண்மை. அவருடைய படை நம் ஊர்களை எரித்ததும் உண்மை. காலனி எதிர்ப்பைக் கொண்டாடும்போது இரண்டாவது உண்மையை விழுங்கிவிடத் தேவையில்லை. கம்பெனியும் ஊராரைக் காக்க வரவில்லை. கோயில் தானியத்தைத் தேடி வந்தது. யார் பக்கம் நிற்பது என்று மட்டுமே கேட்டால், இரு படைக்கும் நடுவில் குதிரைக் காத்து நின்றவள் கண்ணில் படமாட்டாள்.

போர் பஞ்சத்தைக் கொண்டுவந்தது. 1782இல் சென்னையில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற மணியக்காரர் சத்திரம் தொடங்கியது. அதன் வழிவந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னை மக்கள் நெடுங்காலம் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்தார்கள். 1784 மார்ச்சில் ஐதரின் மகன் திப்புவும் கம்பெனியும் மங்களூரில் உடன்படிக்கை செய்துகொண்டு, பிடித்த இடங்களைப் பரஸ்பரம் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லைகள் பழையபடி ஆயின. தின்று தீர்த்த விதைநெல்லை யாரும் திருப்பித் தரவில்லை.